உஷார்! ‘எல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க’

கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்பில் வீடு பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் காதில் விழுகிறது. “கரண்டு, தண்ணி, கேஸ், நெட்டு எதைப் பத்தியும் கவலைப்பட வேண்டாமுங்க சார். எல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க.” வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர் என்று மேற்கு மலையடிவாரம் நெடுக இந்தக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. ஆயுள் முழுக்க ஈ.பி. ஆபீசுக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் நடந்து அலுத்த ஒருவருக்கு இதைவிடத் தித்திப்பான சொல் கிடையாது. நம்பி, பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு லாரி ஏறிவிடுகிறார். வேண்டாம். கொஞ்சம் நில்லுங்கள்.

சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மனதாரச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் நாளைக்கு வேலை மாறிப் போய்விடலாம், பராமரிப்பு நிறுவனமே மாறலாம். மீட்டர் யார் பேரில் ஓடுகிறது, கேஸ் எந்த மொபைல் நம்பரில் பதிவாகியிருக்கிறது, கரண்டு போனால் உங்கள் வீட்டில் எவை எவை நின்றுபோகும் என்பதெல்லாம் எழுபது வயதுக்கு மேல் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள். அவற்றை வாய்வார்த்தையில் விட்டுவிடக் கூடாது.

முதலில் மின்சாரம். கட்டி முடித்துச் சாவி தந்துவிட்டார்கள், விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, பிறகென்ன என்று இருந்துவிடாதீர்கள். அந்த விளக்கு எந்த இணைப்பில் எரிகிறது என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, நிறைவுச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகுதான் நிரந்தர மின் இணைப்பு. அந்தச் சான்றிதழ் வாங்காமலே ஆட்களைக் குடியேற்றினால், கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலோ ஜெனரேட்டரிலோதான் வீடுகள் ஓட வேண்டியிருக்கும். தற்காலிக இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று நாம் இத்தனை வருஷமாக அனுபவித்துவந்த சலுகையும் அதில் கிடையாது. நிறைவுச் சான்றிதழின் நகலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பழைய வீட்டை விற்க முன்பணம் வாங்காதீர்கள். “வந்துட்டே இருக்குதுங்க, அடுத்த மாசம் வந்துரும்” என்றால், அது வந்த பிறகு நீங்களும் வரலாம். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சான்றிதழ் இருக்கிறது என்றால் அடுத்து மீட்டரைப் போய்ப் பாருங்கள். மின்வாரியத்தின் மீட்டரா, குடியிருப்பு நிர்வாகம் வைத்திருக்கும் சப்-மீட்டரா? வாரியத்தின் மீட்டர் என்றால் உங்களுக்கென்று சர்வீஸ் நம்பர் இருக்கும். அந்த எண்ணைப் போட்டால் பேர், பாக்கி, முந்தைய ரீடிங் எல்லாம் வாரியத்தின் தளத்தில் தெரிந்துவிடும். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன விலை, அந்த விலையை யார், எப்போது மாற்றலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பெரிய தொகையை டெபாசிட்டாகக் கட்டி ஆயுள்வரை குடியிருக்கும் ஏற்பாட்டில் பத்திரம் உங்கள் பேரில் இருக்காது, ஆகவே இணைப்பும் நிறுவனத்தின் பேரிலேயே இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் நிறுவனம் பில் கட்டாமல் விட்டால் இருட்டில் உட்காரப்போவது நீங்கள். ஒவ்வொரு முறையும் பில் கட்டிய ரசீதைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பொதுப் பகுதிக் கரண்டும் உங்கள் தலையில்தான் விழும் என்பதையும் மறக்காதீர்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது லிஃப்ட், மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்குத் தனி வகை வந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. அதில் இலவச யூனிட் கிடையாது. அடுத்த ஆண்டு கட்டணம் குறைத்தார்களே என்பீர்கள். அது லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கு மேற்படாத சின்னக் குடியிருப்புகளுக்குத்தான். லிஃப்டும் நீச்சல்குளமும் பாதையெங்கும் விளக்கும் உள்ள இடத்தில் பராமரிப்புக் கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

மறுவிற்பனையில் வாங்குகிறீர்களா? இன்னும் கவனம். முன்பு குடியிருந்தவர் காலமாகி, வீடு ஒரு வருஷம் பூட்டிக்கிடந்து, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து விற்கும் வீடுகள் இந்தக் குடியிருப்புகளில் சகஜம். பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின்கட்டண பாக்கியை, மின்விநியோக விதிகள் இடம்கொடுத்தால், புதிதாக வாங்கியவரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. எனவே பத்திரப் பதிவுக்கு முன்பே சர்வீஸ் நம்பரை வாங்கி, பாக்கி பூஜ்யம் என்று நீங்களே பாருங்கள். சாவி கைமாறும் நாளில் விற்பவரையோ அவருடைய ஆளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு மீட்டரைப் படம் எடுங்கள். பத்திரம், வீட்டு வரி ரசீது எல்லாம் கையோடு இருக்கும்போதே பேர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ‘பில் கட்டினால் போதும், பேரில் என்ன இருக்கிறது’ என்று விட்டவர்கள், பின்னால் லோடு கூட்டவோ மும்முனை இணைப்பு கேட்கவோ போகும்போது, இறந்துபோனவரின் கையெழுத்தைத் தேடி நிற்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவதைப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். அப்பா அம்மாவைக் குடியேற்றிவிட்டு டல்லாஸுக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பும் அவசரத்தில், ஈ.பி., கேஸ், இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் உங்கள் நம்பரையே கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். நல்ல எண்ணம்தான், பில்லை நீங்களே கட்டிவிடலாம் என்று. ஆனால் சிலிண்டர் வாசலுக்கு வந்ததும் டெலிவரி கொண்டுவந்தவர் கேட்கிற எண், பதிவான மொபைலுக்குத்தான் வரும். டல்லாஸில் அப்போது நள்ளிரவு. நீங்கள் தூங்குகிறீர்கள். இங்கே அம்மா வாசலில் நின்றுகொண்டு, “கொஞ்சம் இருப்பா தம்பி, பையன் போனை எடுக்கல” என்று கெஞ்சுகிறார். இரண்டு வீடு தள்ளி டெலிவரி இருக்கிறது என்று அவர் சிலிண்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் அடுப்பு எரியாது. மின்தடை அறிவிப்பும் பில் தகவலும் அதே மாதிரி கடல் தாண்டிப் போய்விடுகின்றன. பெற்றோரின் நம்பரையே பதிவு செய்யுங்கள். பணத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் கட்டலாம், சர்வீஸ் நம்பர் இருந்தால் போதும்.

பெற்றோரின் நம்பர் என்றதும் அடுத்த ஆபத்து வந்துவிடுகிறது. “உங்கள் சென்ற மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே கீழ்க்கண்ட மின்சார அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.” இந்தக் குறுஞ்செய்தி சில வருஷங்களாக நாடு முழுக்கச் சுற்றுகிறது. ஒரே வீட்டில் முப்பது வருஷமாக இருப்பவர், ‘போன வாரம்தானே கட்டினேன்’ என்று அழித்துவிடுவார். புதிதாகக் குடிவந்தவர் அப்படி இல்லை. பேர் மாற்றம் பாதியில் நிற்கிறது, முதல் பில் இன்னும் வரவில்லை, ஆபீஸில் யாரோ கட்டிவிட்டதாகச் சொன்னார்கள், ரசீது பார்க்கவில்லை. செய்தி உண்மையாகத்தான் இருக்கும் என்று அவர் மனசே அவருக்குச் சொல்லிவிடும். அதனால்தான் வீடு மாறிய முதல் சில மாதங்கள் மிக ஆபத்தானவை என்கிறேன்.

அந்த நம்பருக்குப் போன் செய்தால் மிக மரியாதையாகப் பேசுவார்கள். பத்து ரூபாய் மட்டும் கட்டினால் போதும், சிஸ்டத்தில் அப்டேட் ஆகிவிடும் என்பார்கள். அதற்கு ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அது உங்கள் போன் திரையை அவர்களுக்கு அப்படியே காட்டும் செயலி. நீங்கள் பத்து ரூபாய்க்கு அடிக்கும் ரகசிய எண்ணையும், பின்னாலேயே வரும் ஓ.டி.பி.யையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிராவிடண்ட் ஃபண்டும் பழைய வீடு விற்ற பணமும் கிடக்கிற கணக்கு காலியாக அதிக நேரம் ஆகாது. வீடு மாறும்போதுதான் பெரும் தொகை சேமிப்புக் கணக்கில் சும்மா நிற்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வயிறு கலங்குகிறது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கப்படுகிறது. ‘சென்ற மாத பில்’ என்று வந்தாலே அது வெளியூர்த் திருடன் எழுதியது என்று தெரிந்துகொள்ளலாம். நாளைக்கே அவன் வாசகத்தைத் திருத்திக்கொள்ளக்கூடும், ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ரீடிங் எடுத்த பிறகு பணம் கட்டப் பொதுவாக 20 நாள் அவகாசம் உண்டு. எந்த அதிகாரியும் தன் சொந்த மொபைல் நம்பரைத் தந்து, ராத்திரிக்குள் கூப்பிடு என்று செய்தி அனுப்பமாட்டார். சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். அது நாள் முழுக்க இயங்குகிறது. கேஸ் கே.ஒய்.சி. முடிக்கவில்லை, இந்தக் கோப்பை இறக்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே வகைதான். கோப்பின் பேர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடவே கூடாது. ஏஜென்சிக்கு நேரில் போனால் அங்கேயே செய்து தருவார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து ஒரு நிமிஷத்தையும் வீணாக்காதீர்கள். முதலில் இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930. பணம் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்த அந்த எண்ணுக்குத்தான் வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வங்கி, அதற்கும் பிறகு பிள்ளைகள்.

‘நூறு சதவீத பவர் பேக்-அப்’ என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கும். அதை நம்பி ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரோடு குடியேறியவர்கள் இருக்கிறார்கள். நூறு சதவீதம் என்பது எதற்கு? பொதுப் பகுதிக்கா, வீட்டுக்கா? வீட்டுக்கு என்றால் எத்தனை வாட் வரை? பல இடங்களில் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஜெனரேட்டர் அளவை நிர்ணயித்திருப்பார்கள். ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்றே சுமார் 350 வாட் இழுக்கும். கூடவே ஃபிரிட்ஜ் ஓட வேண்டும், இன்னும் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். அதோடு இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் வரம்பு தாண்டி வீட்டு ஜெனரேட்டர் இணைப்பு தானாக அறுந்துவிடும். அப்போது மூச்சுக்கருவியும் சேர்ந்துதான் நிற்கும்.

இதற்கு ஒரே வழி, விலை பேசும் நாளிலேயே மெயினை அணைத்துக் காட்டச் சொல்வதுதான். கூச்சப்படாதீர்கள், ஆயுள் சேமிப்பைக் கொடுக்கிறீர்கள். மெயின் அணைந்ததும் ஜெனரேட்டர் பிடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கவனியுங்கள். லிஃப்ட் நடுவில் நின்றால் பக்கத்துத் தளத்துக்குத் தானாக வந்து கதவு திறக்கிறதா? குளியலறையில் தொங்கும் அவசரக் கயிற்றை அப்போதே இழுத்துப் பாருங்கள், செவிலியர் அறையில் மணி அடிக்கிறதா? சில இடங்களில் அந்த அழைப்பு மணி வைஃபையில் இயங்குகிறது. வைஃபை பெட்டிக்குக் கரண்டு இல்லையென்றால் மணியும் இல்லை. எந்த பிளக் பாயிண்ட் ஜெனரேட்டரில் வருகிறது என்று பார்த்து, அதில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டு வாருங்கள். கட்டில் அந்தச் சுவரோரம்தான் போட வேண்டும்.

இன்னொன்று, பெரியவர்கள் பலர் அறியாதது. பழைய லேண்ட்லைன் போன் கரண்டு போனாலும் வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு வேண்டிய மின்சாரம் செம்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. இன்றைய ஃபைபர் இணைப்பில் வரும் போன் அப்படி அல்ல. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குக் கரண்டு போனால் போன் செத்துவிடும். அந்தப் பெட்டிக்கு என்று ஒரு சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது, முதல் நாளே வாங்கி மாட்டுங்கள். சிறுவாணி சாலையில் மலையை ஒட்டிப் போகப் போக மொபைல் சிக்னல் சில இடங்களில் விட்டு விட்டு வரும். வீட்டின் ஒவ்வொரு அறையிலும், குறிப்பாகக் குளியலறையிலும் படுக்கையறையிலும், உங்கள் சிம்மோடு நின்று பேசிப் பாருங்கள். சிக்னல் இல்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது, பென்ஷன் வங்கியின் ஓ.டி.பி. வராது, சிலிண்டருக்கான எண்ணும் வராது. வைஃபை வழியாகப் பேசும் வசதி உங்கள் போனில் உண்டா என்று பேரனிடம் கேட்டு இயக்கிவைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பில் ஒரே ஒரு இன்டர்நெட் நிறுவனத்தைத்தான் உள்ளே விடுகிறார்கள் என்றால், அது பழுதானால் மாற்று என்ன என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

புதிய வீட்டின் சுவிட்ச் போர்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதில் சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். ஈரத்தரை, இரும்புக் கைப்பிடி, கீஸர் மூன்றும் ஒன்றாக இருக்கும் முதியோர் குளியலறைக்கு இது இல்லாமல் தீராது.

கேஸ் விஷயத்தில் குடியிருப்புக்குக் குடியிருப்பு வழக்கம் மாறுகிறது. சில இடங்களில் பொதுச் சமையலறை, வீட்டுக்குள் சிலிண்டரே கூடாது என்பார்கள். சில இடங்களில் சிலிண்டர்களை வெளியே ஓரிடத்தில் வைத்து வீடுகளுக்குக் குழாயில் அனுப்பி மீட்டர் வைத்திருப்பார்கள். எதுவானாலும் பழைய இணைப்பை அப்படியே பக்கத்து வீட்டுக்காரரிடமோ வாடகைக்கு வருபவரிடமோ விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே விபத்து நடந்தால் பதிவேட்டில் இருப்பது உங்கள் பேர். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தருவார்கள், ஒரு வவுச்சரும் தருவார்கள். அதைப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள், பின்னால் வேறு ஊரில் இணைப்பு வாங்க அது உதவும். புது இடத்துக்கே மாற்றிக்கொள்கிறவர்கள் பழைய ரப்பர் குழாயை மட்டும் கொண்டுவரக் கூடாது. அதன் மேல் காலாவதி வருஷம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். கேஸ் வாசம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குக் கூப்பிட வேண்டும். வயதானால் மோப்பம் குறையும் என்பதால், கசிவைக் கண்டு அலறும் சின்னக் கருவி ஒன்றை அடுப்படியில் வைப்பது வீண் செலவு அல்ல.

தண்ணீர். கோவை என்றாலே சிறுவாணி என்ற நினைப்பில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சிறுவாணி சாலையில் வீடு என்பதால் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்துவிடாது. மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பல குடியிருப்புகள் போர் தண்ணீரை நம்பியே ஓடுகின்றன, கோடையில் டேங்கர் லாரி வருகிறது. நல்ல தண்ணி இணைப்பு உண்டா, எந்த ஊராட்சி தருகிறது, வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். போர் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத் தொல்லையும் உள்ளவர்கள் அந்த அறிக்கையை அப்படியே தங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும், முன்பு சொன்ன மெயின் சோதனையின்போதே பார்த்துவிடலாம்.

பழைய வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், அங்கே ஈ.பி. இணைப்பு இன்னும் உங்கள் பேரில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். வாடகைக்காரர் முன்னறையில் தையல் கடையோ டியூஷன் சென்டரோ போட்டு வீட்டு இணைப்பிலேயே ஓட்டினால், அபராத நோட்டீஸ் வருவது உங்களுக்கு.

கடைசியாக, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டியது. இருவராகக் குடியேறுகிற இடத்தில் ஒருநாள் ஒருவர்தான் இருப்பார். எல்லா இணைப்பும் அப்பா பேரில், எல்லா ஓ.டி.பி.யும் அப்பா போனில் என்றால், அவர் போன மறுமாதமே அம்மாவுக்குக் கேஸ் புக் பண்ணக்கூடத் தெரியாது. அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எல்லா வாசலும் அடைபடும். பிறகு பேர் மாற்ற இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அந்த வாரிசுகளோ மூன்று நாடுகளில். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை இப்படி அலையவிடலாமா? குடியேறும்போதே பத்திரம் இருவர் பேரிலும் இருக்கட்டும், கேஸ் அம்மா பேரில், அவர் நம்பரில் இருக்கட்டும். பில் கட்டுவதையும் சிலிண்டர் பதிவதையும் இப்போதே ஒரு முறை அவர் கையாலேயே செய்யட்டும்.

ஒப்பந்தத்தில் இவை எல்லாம் எங்கே வரும் என்கிறீர்களா? மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுகாலக் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டுபவர், பராமரிப்புச் சேவை தருபவர், வீடு வாங்குபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை அது வலியுறுத்துகிறது. உங்களிடம் நீட்டப்படும் தாளில் இரண்டு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தால், மூன்றாமவர் எங்கே என்று கேளுங்கள். சேவை நிறுவனம் மாறினால் ஜெனரேட்டர் டீசலுக்கும் பொதுக் கரண்டு பில்லுக்கும் அந்த இடைக்காலத்தில் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் இந்த வாரமே அலுவலகத்துக்குப் போய் உங்கள் வீட்டு சர்வீஸ் நம்பரையும் கடைசியாகப் பணம் கட்டிய ரசீதையும் கேளுங்கள். தர மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ தனியாகச் சண்டை போடாதீர்கள். அதே மாடியில் இருக்கும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், முதியோர் உதவி எண் 14567-இல் கூப்பிட்டு எங்கே முறையிடலாம் என்று வழி கேளுங்கள்.